சீதன உறுதியும் பங்குக் கிணறும்: காங்கேசன்துறையில் ஒரு குடும்பம் வளவுக்குத் திரும்பிய நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

2018 முதல் 2024 வரை ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவனாகக் கூடவே நின்றேன். நான் சட்டத்தரணி இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியன். கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) பிரதேச செயலகத்துக்கும் கடிதம் எழுதத் தெரியும், பழைய காணி உறுதிகளின், அதாவது பத்திரங்களின், கையெழுத்தை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தின் விடயத்தில் சிலதைச் சரியாகச் செய்தோம். இரண்டு பெரிய பிழைகளும் விட்டோம், அதில் ஒன்று என்னுடையது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்று குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களும் ஒழுங்கையின் அடையாளமும் காணியின் பெயரும் இங்கே இல்லை.

ஊர்: கல், களி, தண்டவாளம்

குடும்பத்தின் கதைக்கு முன், யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் இந்த ஊரைச் சொல்ல வேண்டும். ஊரை நான் முழுதாகக் கணக்கில் எடுக்காததால் வந்த பிழையும் பின்னால் வருகிறது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கான காங்கேயன் சிலை வந்து இறங்கிய துறை என்பதால் காங்கேசன்துறை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். துறை பழையது. இன்றைக்கும் நிற்கும் வெளிச்ச வீடு 1893இல் கட்டியது. 1902இல் ரயில் பாதை போடப்பட்டது. 1905இல் கொழும்பிலிருந்து நேரே வண்டி வரத் தொடங்கியபோது வடக்குப் பாதையின் கடைசி நிலையம் இதுதான். தண்டவாளம் முடியும் இடத்தில் கடல் இருந்தது, கடலுக்கும் தண்டவாளத்துக்கும் கீழே சுண்ணக்கல் இருந்தது. சீமெந்து செய்ய இதைவிட வசதியான இடம் தீவில் அப்போது இல்லை.

ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் முதல் சீமெந்து ஆலை அது. கல் உள்ளூரிலேயே வெட்டப்பட்டது. களிமண் மன்னாருக்குப் பக்கத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது, அதாவது தலைமன்னார்ப் பாதையில் மதவாச்சி வரை கீழே போய், அங்கிருந்து திரும்ப வடக்கே ஏறி வந்த மண். பின்னாளில் காலியில் சீமெந்து ஆலை திறந்தபோது, அரைப்பதற்கான கிளிங்கர், அதாவது சூளையில் சுட்ட கட்டி, இங்கிருந்தே போனது. ஊர் என்று சொன்னாலும் அது ஒரு தொழிற்சாலை, ஒரு துறைமுகம், ஒரு ரயில் நிலையம், இவற்றைச் சுற்றி முளைத்த வீடுகள். பக்கத்தில் கரைவலைக்காரர், உள்ளே கொஞ்சம் தோட்டம்.

ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குத்தான் வீடுகளில் உலை வைத்தார்கள். மூத்த மகளின் நினைவில் முதலில் வருவது தூள். செவ்வரத்தை இலையில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்குமாம். துடைத்தால் போய்விடும், ஆனால் மழை பட்டால் ஓட்டில் இறுகிவிடும். ஓடு மாற்றும்போது உளி வைத்துக் கொத்தித்தான் கழற்றினார்களாம்.

குடும்பம்

தகப்பன் 1958இல் ஆலையில் சூளைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1961இல் கலியாணம். பெண் வீட்டார் 4 பரப்புக் காணியையும் அதிலிருந்த சிறு வீட்டையும் சீதனமாக எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே இது கால் ஏக்கர். வீட்டை அவர் தன் சம்பளத்தில் பெருப்பித்தார். பிள்ளைகள் 5 பேர், 2 பெண், 3 ஆண்.

வேலியோரத்தில் கிணறு ஒன்று இருந்தது. கட்டின் மேற்பரப்பில், ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய 1957 என்ற இலக்கம். கீறியவர் தாயின் தமையன். இந்த இலக்கம் பிறகு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது.

1990 ஆனி மாதம் போர் திரும்பத் தொடங்கியதும் காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்குப் பிரதேசத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. ஆலை நின்றது, ரயில் நின்றது. பலாலி, காங்கேசன்துறைப் பகுதி, சனம் உள்ளே போக முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயமாகியது. இந்தக் குடும்பம் இரண்டு சைக்கிளில் வெளிக்கிட்டது. "ரெண்டு கிழமையில திரும்பலாம்" என்று நினைத்ததால் உறுதிகளை றங்குப் பெட்டியிலேயே விட்டுவிட்டார்கள். தகப்பனின் சட்டைப் பையில் ஆலை அடையாள அட்டையும் கடைசிச் சம்பளத் துண்டும் இருந்தன. மல்லாகம், 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி, பிறகு மறுபடி மல்லாகத்தில் நலன்புரி நிலையம், அதாவது இடம்பெயர்ந்தோர் முகாம். தகப்பன் 1998இல் போய்விட்டார், தாய் 2007இல். நடு மகன் போரின் கடைசி ஆண்டுகளில் இறந்தார், அவருக்கு ஒரு பையன். மற்ற இரண்டு ஆண்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் வவுனியாவில். மூத்த மகள் யாழ் நகருக்குப் பக்கத்தில். இளைய மகளும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் நலன்புரி நிலையத்திலேயே இருந்தார்கள்.

2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். இவர்கள் போகவில்லை. "கையில உறுதி இல்லாமல் என்னெண்டு வழக்குப் போடுறது, மாஸ்டர்?" என்று இளைய மகள் பிறகு என்னிடம் கேட்டாள். பதில் இருந்தது, ஆனால் அப்போது அதைச் சொல்ல அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

வளவில் முதல் நாள், 2018

2018 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதற்குள் இவர்களுடைய ஒழுங்கையும் இருந்தது. ஒழுங்கை என்றால் சொல்லுக்குத்தான். 28 வருடப் பற்றைக்குள் எது ஒழுங்கை, எது வளவு என்று பிரித்தறிய முடியவில்லை. வீடுகள் அத்திவாரத்தோடு இல்லை. வடலிகள் நெடும்பனையாகி நின்றன, பழைய அடையாளப் பனைகள் இல்லை.

மூத்த மகள் ஒரு வேலை செய்தாள். குசினி வாசலில் நின்றால் வெளிச்ச வீடு எந்தப் பக்கம் தெரியும் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அந்தக் கோட்டில் நடந்து நடந்து, கத்தியால் வெட்டி வெட்டிப் போனோம். கடைசியில் மருமகனின், அதாவது இளைய மகளின் புருசனின், கால் ஒரு சீமெந்துக் கட்டில் இடறியது. பாசியைச் சுரண்டினால் 1957. இரண்டு பெண்களும் அதன் மேலேயே இருந்துவிட்டார்கள். கிணற்றுக்குள் கொங்கிறீட் உடைவும் கம்பியும் முக்கால்வாசி நிரம்பியிருந்தன.

அன்று பின்னேரமே கதியால் வெட்டிக் கிணற்றையும் உள்ளடக்கி வேலி போட்டார்கள். அது முதல் பிழை. நான் தடுக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்துத் தடுக்கவும் முடிந்திராது.

மூன்றாம் கிழமை பக்கத்து வளவு ஆச்சி வந்தார். எண்பதைக் கடந்தவர், பேரனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலியைப் பார்த்தார், சத்தம் போடவில்லை. "பிள்ளை, உன்ர கொம்மா இருந்தால் இந்தக் கிணத்தை வேலிக்குள்ள போட்டிருக்க மாட்டாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் விதானையாரிடம் எழுத்தில் முறைப்பாடு வந்தது. கிராம அலுவலரை எங்கள் பக்கத்தில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

உறுதி தேடியது

விண்ணப்பம் எழுதுபவனாக நான் உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில்தான். எது யாருடையது என்று தெரியாமல் வேலியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, ஆகவே உறுதியைத் தேடத் தொடங்கினோம்.

இலங்கையில் காணி உறுதி எழுதினால் மூன்று பிரதி. ஒன்று உரியவரிடம், ஒன்று உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கோவையில், ஒன்று காணிப் பதிவகத்தில். றங்குப் பெட்டி போனாலும் மற்ற இரண்டில் ஒன்றாவது இருக்க வாய்ப்புண்டு. "உறுதி துலைஞ்சு போச்சு, காணி போச்சு" என்று அழுதவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தொலைந்தது கடதாசி மட்டுமே. 2013இல் அவர்களுக்குத் தேவைப்பட்ட பதிலும் இதுவே.

நாங்கள் தகப்பனின் பெயரில் தேடினோம், நான்கு மாதம். ஒன்றும் இல்லை. நொத்தாரிசு யார் என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பமே காணாமல் போய் இரண்டாம் தரம் எழுதிக் கொடுத்தோம். இதற்கிடையில் வவுனியா மகன், பத்து வருடம் விட்டுவிட்டால் காணி மற்றவனுக்குப் போய்விடுமே என்று பயப்படத் தொடங்கினார். ஆட்சியுரிமைக்குப் பத்து வருடம் என்பது உண்மை. ஆனால் வலயத்துக்குள் தனியார் எவரும் ஆட்சி செய்யவில்லை. அதோடு போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணியை அந்தக் காலத்தில் பிடித்தவர் அந்த வருடங்களைக் காட்டி ஆட்சியுரிமை கேட்க முடியாதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்திருந்தது. இதை எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் அமைதியானார்.

விடை ஒரு மத்தியானச் சாப்பாட்டில் கிடைத்தது. மூத்த மகள் கதையோடு கதையாக, "அம்மம்மா இந்த வளவை எப்பவும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா" என்று ஒரு பெயரைச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டு. உறுதியில் அந்தப் பெயர்தான் முதலில் வரும். ஆலைக்காரரின் பிள்ளைகளுக்கு அது "எங்கட வீடு" மட்டுமே. அம்மம்மாவுக்குத்தான் அது பெயருள்ள காணி.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சீதனக் காணி தகப்பனின் பெயரில் எப்படி இருக்கும்? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் வளர்ந்த நான், பெண்ணுக்கு எழுதிய காணியை ஆணின் பெயரில் நான்கு மாதம் தேடியிருக்கிறேன். ஆலை, சம்பளம், அடையாள அட்டை எல்லாம் அவருடையதாக இருந்ததால் காணியும் அவருடையதென்று மனம் தானாக எடுத்துக்கொண்டுவிட்டது. தாயின் பெயரிலும் காணிப் பெயரிலும் தேடியபோது 1961ஆம் ஆண்டின் சீதன உறுதி இரண்டு கிழமையில் அகப்பட்டது.

நாலெல்லை எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: "கிணற்றில் மூன்றிலொரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்." மற்றப் பங்குகளில் ஒன்று ஆச்சியின் குடும்பத்துக்குரியது. ஆச்சி சொன்னதுதான் சரி.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் வேலையாக வேலியைப் பிடுங்கினோம். இளைய மகள் தானே ஆச்சியைத் தேடிப்போய், "ஆச்சி, தெரியாமல் போட்டிட்டம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். முறைப்பாட்டை அவர் திருப்பி எடுத்தார். இந்த ஒரு மன்னிப்பால் எத்தனை வருட வழக்கு மிச்சமானது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்தது யார் கட்டுவது, யாருடைய சம்மதத்தில் என்ற கேள்வி. தாய் மரணசாசனம் (உயில்) எழுதவில்லை. ஆகவே காணி 5 பங்கு, எல்லாம் பிரிபடாத பங்கு. இறந்த மகனின் பங்கு அவருடைய பையனுக்கு. கனடா மகன் தன் பங்கை விற்க நினைத்தார். அந்த வருடத் தொடக்கத்தில்தான் காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க இந்தியா 4 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேல் கடன் தர உடன்பட்டிருந்தது. துறைமுகப் பக்கத்துக் காணிக்கு ஆட்கள் வந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேசவழமையின் முன்னீட்டுரிமைப்படி, வெளியாருக்கு விற்க முன் கூட்டுப் பங்காளிகளிடம் கேட்டாக வேண்டும் என்று விளக்கிக் கடிதம் எழுதினேன். அவர் கோபப்படவில்லை, "அப்ப தங்கச்சி இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்.

காணியை நீதிமன்றம் மூலம் பிரிக்கப் பங்கு வழக்குப் போடலாம், அல்லது எல்லோரும் உடன்பட்டுப் பாகப்பிரிவினை உறுதி முடிக்கலாம். முதலாவது பல வருடம் இழுக்கும். இரண்டாவதற்கு நில அளவையாளருக்கும் நொத்தாரிசுக்கும் காசு வேண்டும், கனடா மகன் சார்பில் இன்னொருவர் கையெழுத்து வைக்க அங்கிருந்து அற்றோணித் தத்துவம் வர வேண்டும். வீடு கட்டத் தவணை தவணையாகக் காசு தரும் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்ப முடிவு நாள் நெருங்கியது. "இப்ப ஒரு சம்மதக் கடிதம் போதும், பிரிக்கிறதைப் பிறகு பார்ப்பம்" என்று நான்தான் சொன்னேன். நாலு பேரும் கையெழுத்து வைத்தார்கள். பையனுக்கு அப்போது 17 வயது, அவனுக்காகத் தாய் வைத்தார்.

வீட்டை எங்கே வைப்பது என்பது பேச்சுக்கே வரவில்லை. வீதிப் பக்கம் முன்னுக்கு, பழைய வீடு இருந்த இடத்தில். அதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

வருமானம் பற்றியும் பேசினோம், ஐந்து நிமிடம். மருமகன் மேசன் கைவேலை தெரிந்தவர், துறைமுக வேலை தொடங்கினால் பக்கத்திலேயே வேலை என்று முடிவு கட்டினோம். ஊர் முன்பு எப்படி வாழ்ந்ததோ அப்படியே இனியும் வாழும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆலை திறக்கவில்லை என்பது கண்ணுக்கு முன் நின்றது. அதன் துருப்பிடித்த உடம்பு வளவிலிருந்தே தெரியும்.

கிணறு

2019 கடைசியில் முதல் தவணை வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் அத்திவாரம் காட்டினால்தான் அடுத்த தவணை. ஆகவே அத்திவாரத்தை முதலில் போட்டார்கள், கிணற்றைப் பிறகு இறைத்தார்கள்.

உடைவுகளை எடுக்க ஆறு நாள் ஆனது. ஆச்சியின் பேரனும் இறங்கி வேலை செய்தான். மூன்று தரம் இறைத்து விட்டுவிட்டுப் பார்த்தோம். நாலாம் நாள் இளைய மகள் ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். சவர்.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு என்று ஒன்றும் இல்லை. மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போலத் தேங்கி நிற்கிறது. கரையை அண்ட அண்ட அந்த வில்லை மெலியும். மேலே உள்ளதைக் கூட இறைத்தாலோ, பக்கத்தில் ஆழமாக வெட்டினாலோ உப்பு மேலே ஏறும். ஊரில் கல் வெட்டிய குழிகள் எவ்வளவு ஆழம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சில குழிகளில் நிற்கும் தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்தால் குளம் என்று நினைக்கத் தோன்றும். நல்ல தண்ணீர்க் கிணறு என்று பேர் வாங்கிய கிணறு 30 வருடத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை அத்திவாரத்துக்கு முன் சோதித்திருக்க வேண்டும். ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்தாலே போதும், அதைக் கேட்டு ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் கேட்கச் சொல்லவில்லை.

குளிக்க, சுவர் நனைக்க அந்தத் தண்ணீர். குடிக்க பவுசரில், அதாவது தண்ணீர் வண்டியில், வருவது, கிழமைக்கு இரண்டு தரம். பவுசர் வராத நாளில் மருமகன் கானைச் சைக்கிளில் கட்டி மாவிட்டபுரம் பக்கம் போவார்.

சீமெந்து

2020 முழுவதும் கொரோனா. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றது. 2021 கடைசியில் நாட்டில் சீமெந்துத் தட்டுப்பாடு. வாடிக்கைக் கடைக்காரன் ஆளுக்கு இரண்டு மூட்டைக்கு மேல் இல்லை என்றான். முன்பு 1,000 ரூபாய் அளவில் வாங்கிய 50 கிலோ மூட்டை, 2022 நடுப்பகுதியில் 3,000ஐத் தாண்டியது. வீட்டுத்திட்டத்தின் பிந்திய தவணைகள் வரவில்லை. தவணை வந்திருந்தாலும் பழைய மதிப்பீட்டுக்கு அது மூன்றில் ஒரு பங்கு வேலைக்குத்தான் காணும்.

நாட்டின் முதல் சீமெந்து ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில், அந்த ஆலையில் வாழ்நாள் முழுக்க நெருப்பில் நின்றவரின் மகள், சீமெந்து இல்லாமல் கூரையில்லா வீட்டுக்குள் தறப்பாள் கட்டி இருந்தாள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா இருந்திருந்தால் ரெண்டு மூட்டை கேட்டு வாங்கித் தந்திருப்பார்."

அந்த வருடம் உள்பூச்சைக் கைவிட்டார்கள். மூத்த மகள் தன் காப்பு ஒரு சோடியை அடகு வைத்துக் கூரைத்தகடு வாங்கிக் கொடுத்தாள். 2023 ஆவணியில் கூரை ஏறியது.

கப்பலும் ரயிலும்

துறைமுக வேலை மருமகனுக்குக் கிடைக்கவில்லை. வேலை நடந்த நாட்களில் ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார், நடக்காத நாட்கள் அதைவிடக் கூட.

2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து செரியபாணி கப்பல் வந்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையில் 60 கடல்மைல் அளவு, நாலு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். ஊர் முழுக்க ஒரே கதை. இளைய மகள் கடன் வாங்கி, வாசலில் தேநீர், வடை, சாப்பாட்டுப் பார்சல் என்று ஒரு தட்டி போட்டாள். சில நாட்களிலேயே மாரியைக் காரணம் காட்டிக் கப்பல் நிறுத்தப்பட்டது. மறுபடி 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதிதான், சிவகங்கை என்ற வேறு கப்பலோடு, சேவை தொடங்கியது. தட்டியை அவள் அதற்கு முதலே கழற்றிவிட்டாள். கப்பல் ஓடிய நாட்களிலும் வியாபாரம் இல்லை. இறங்கும் பயணி வாசலில் நிற்கும் வாகனத்தில் ஏறி நேரே யாழ்ப்பாணம் போய்விடுகிறார். முன்பு துறையில் வேலை செய்தவன் ஊருக்குள் சாப்பிட்டான், ஊருக்குள் சீலை எடுத்தான், ஊருக்குள் கடன்பட்டான். பயணி அப்படியில்லை.

இந்தக் குடும்பத்தைக் கடைசியில் தாங்கியது எதிர்பாராத ஒன்று. 1990இல் நின்ற ரயில் 2015 தை 2ஆம் திகதி காங்கேசன்துறைக்குத் திரும்ப வந்திருந்தது. மருமகன் யாழ் நகரில் ஒரு கதவு நிலை செய்யும் பட்டறையில் சேர்ந்தார். காலை வண்டியில் போய் இரவில் திரும்புவார். மூத்த பிள்ளையும் சீசன் டிக்கெட்டில் அதே வண்டியில் வகுப்புக்குப் போனாள். முன்பு வெளியூர்க்காரன் வேலைக்கு ரயிலில் இந்த ஊருக்கு வந்தான். இப்போது இந்த ஊர்க்காரன் வேலைக்கு ரயிலில் வெளியே போகிறான். கணக்குப் பார்த்தால் வண்டிச் செலவு போக நாட்கூலி பழைய நலன்புரி நிலையத்திலிருந்து போனதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் வாடகை இல்லை, சொந்தக் கூரை.

சம்மதக் கடிதத்தின் விலை

2024 தையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். பங்குனியில் இறந்த மகனின் பையன் வந்தான். இப்போது அவனுக்கு 22 வயது. மரியாதையாகத்தான் பேசினான். "சித்தி" என்று சொல்ல வேண்டிய முறையில்லை, "மாமி" என்றுதான் கூப்பிட்டான். துறைமுகம் வளர்ந்தால் வீதிப் பக்கம் ஒரு கடை போட எண்ணம், தன் பங்கை வீதி முகப்பில் தரவேண்டும் என்றான். கையெழுத்து வைத்தது தாய், தான் அப்போது சிறுவன் என்றும் சொன்னான். சட்டப்படி அவன் பக்கம் நியாயம் இருந்தது. வீதி முகப்பு முழுவதும் வீடு நின்றது.

இதுதான் என் பிழை. நான் எழுதிய கடிதம் கட்டுவதற்கு அனுமதி கொடுத்தது, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லவில்லை. வயது குறைந்த ஒருவரின் பங்கைத் தாயின் கையெழுத்து மட்டும் கட்டாது என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019இல் அளந்து பிரித்திருந்தால் வீட்டைப் பத்தடி தள்ளி வைத்திருப்பார்கள், ஒரு கடைக்கு இடம் இருந்திருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்றைக்கு ஒரு குடும்பம் இதே மாதிரி வந்தால், முதலில் தாய்வழியில் கேட்பேன்: காணியின் பெயர் என்ன, யாருடைய சீதனம், அம்மம்மா அதை எப்படிக் கூப்பிட்டார். வயது போன பெண்களை முதல் நாளே கூட்டி வைத்துக் கேட்டால் மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. கிணறு இருந்தால் அதில் பங்கு இருக்கிறதா என்று தெரியும்வரை வேலி போடவிட மாட்டேன். தண்ணீரைச் சோதிக்காமல் அத்திவாரத்துக்கு ஓம் சொல்ல மாட்டேன், தவணை பிந்தினாலும் சரி. பாகப்பிரிவினை உறுதிக்குக் காசு இல்லை என்றால் வெளிநாட்டுப் பங்காளியிடம் முதலில் கேட்கச் சொல்வது அதற்குத்தான், கூரைக்கு இல்லை.

அப்புறம் வருமானம். மீள்குடியேற்றப் படிவங்களில் வீடு, மலசலகூடம், கிணறு எல்லாம் இருக்கின்றன. இந்த ஊரில் வீடுகள் ஏன் இருந்தன என்ற கேள்வி ஒரு படிவத்திலும் இல்லை. அதை நான் ஒரு தாளில் எழுதிக் கேட்டிருந்தால், 2018இலேயே மருமகன் ரயில் நேரத்தைப் பார்த்திருப்பார். தட்டிக்கு வாங்கிய கடன் இருந்திராது. ஒருவேளை வீட்டையே சின்னதாகத் தொடங்கியிருப்பார்கள். இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்களா என்று கேட்டால், திரும்பித்தான் இருப்பார்கள். இளைய மகளிடம் கேட்டேன். "தண்ணி சவரெண்டாலும் எங்கட தண்ணி" என்றாள். அந்தப் பேச்சோடு எனக்கு வாதாட விருப்பமில்லை, ஆனாலும் பவுசர் பற்றுச்சீட்டுகளை அவள் கவனமாகக் கோர்த்து வைத்திருக்கிறாள்.

இப்போதைய நிலை

பையனோடு மூன்று தரம் இருந்து பேசினோம். மூத்த மகள் தன் பங்கிலிருந்து மேற்குப் பக்க ஒழுங்கை முகப்பை அவனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தாள். வீதி இல்லை, ஆனால் துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கை. அவன் ஒத்துக்கொண்டான். கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் வந்தது. வவுனியா மகன் நேரில் வந்தார்.

2024 ஆவணியில் நில அளவையாளர் வந்தார். பழைய எல்லைக்கல் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அவர் கேட்டபோது, இளைய மகள் கிணற்றுக் கட்டைக் காட்டினாள். 1957 என்ற இலக்கத்தின் மேல் நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மற்ற முனையைப் பையன் இழுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தான். ஆச்சி தன் வளவில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். புதிய உறுதியிலும் கடைசி வரி பழையபடியே எழுதப்பட்டிருக்கிறது: கிணற்றில் மூன்றிலொரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்.